நான்தான் சட்டம்: ஜெர்சி சிட்டி மேயர் ஹேக்கின் முப்பது ஆண்டுகள்



1937 நவம்பர் 10. ஜெர்சி சிட்டியில் எமரி மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஒரு கூட்டம். பேசியவர் அந்நகரத்தின் மேயர் ஃபிராங்க் ஹேக். வழிதவறும் சிறுவர்களைத் தன் நகரம் எப்படித் திருத்துகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் பள்ளிக்கூடம் போக மறுத்தார்கள், வேலைக்குப் போகத் தயாராக இருந்தார்கள். வேலைக்குச் சேர அனுமதிச் சீட்டு கொடுங்கள் என்றாராம் மேயர். சட்டப்படி இவர்கள் பள்ளியில்தான் இருக்கவேண்டும், கொடுக்க முடியாது என்றார் அதிகாரி. அதற்கு ஹேக் சொன்ன பதில்: "கேளுங்கள், சட்டம் இதுதான். நான்தான் சட்டம். பையன்கள் வேலைக்குப் போகிறார்கள்."

மறுநாள் பத்திரிகைகள் நடுவில் இருந்த நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டன. 'ஐ ஆம் தி லா'. சாகும்வரை அது அவரைத் துரத்தியது. முழுப்பேச்சையும் படிக்காமல் என்னைக் கொடுங்கோலன் ஆக்கிவிட்டார்கள் என்று அவருடைய ஆட்கள் வருத்தப்பட்டார்கள். நானும் முழுச்சூழலையும் படித்துப் பார்த்தேன். அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை என்பது உண்மைதான். பரிவோடு சொன்னார். எனக்கு அதுதான் கூடுதலாக உறுத்துகிறது. இரண்டு ஏழைப் பையன்களுக்கு நல்லது செய்ய நினைத்த மனிதருக்கு, சட்டத்தை மாற்றவேண்டும் என்றோ அந்த அதிகாரிக்கு அதிகாரம் தரவேண்டும் என்றோ தோன்றவில்லை. தான் ஒருவர் இருக்கிறோமே, அது போதும் என்று தோன்றியிருக்கிறது. ஜெர்சி சிட்டியை அவர் முப்பது ஆண்டுகள் நடத்தியது முழுக்க இப்படித்தான்.

இலக்கியக் கூட்டத்தில் ஒரு மேயரைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் நமக்கு அமெரிக்க வரலாறு என்றால் வாஷிங்டன், லிங்கன், மார்ட்டின் லூதர் கிங். குடியிருக்கும் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. ஜர்னல் ஸ்கொயரில் பாத் ரயிலைவிட்டு இறங்கி நியூவர்க் அவென்யூவில் காய்கறி வாங்குகிறோம். நம்மில் சிலர் 'பீக்கன்' என்ற பழைய உயரமான கட்டடங்களில் வாடகைக்கு இருக்கிறோம். புலாஸ்கி ஸ்கைவேயில் கார் ஓட்டுகிறோம். இந்த மூன்றிலும் ஹேக்கின் கைரேகை இருக்கிறது.

ஹேக் 1876ல் ஜெர்சி சிட்டியில் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்த பகுதிக்கு 'ஹார்ஸ்ஷூ', அதாவது குதிரை லாடம் என்று பெயர். ஐரிஷ் கத்தோலிக்கர்களின் ஓட்டு மற்ற தொகுதிகளைக் கெடுத்துவிடாமல் இருக்க, அவர்களை எல்லாம் ஒரே தொகுதிக்குள் அடைத்து ரிபப்ளிகன் சட்டமன்றம் எல்லை போட்டது. அந்த எல்லை லாட வடிவத்தில் வந்தது. ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் ஒரே இடத்தில் திரண்டால் என்ன ஆகும் என்று எல்லை போட்டவர்கள் யோசிக்கவில்லை.

பையன் ஆறாம் வகுப்போடு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டான். ஈரி ரயில்வேயில் கொல்லருக்கு உதவியாள். பிறகு ஒரு குத்துச்சண்டை வீரருக்கு மேனேஜர். நல்ல உடை, நல்ல பேச்சு, குடிப்பழக்கம் கிடையாது. வட்டாரத்தில் மதுக்கடை வைத்திருந்த நாட் கென்னி என்பவர் இந்த இளைஞனைக் கவனித்து, கான்ஸ்டபிள் பதவிக்கான தேர்தலில் நிற்க வைத்தார். நாலு பேரைச் சம்பாதித்துக்கொள் என்று கையில் 75 டாலர் கொடுத்தார். கென்னி என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் திரும்ப வரும்.

1904ல் ஒரு சம்பவம். ஹார்ஸ்ஷூவைச் சேர்ந்த ரெட் டூகன் என்பவர் பாஸ்டனில் மோசடிக் காசோலை வழக்கில் மாட்டிக்கொண்டார். அந்த நாளில் அவரை ஜெர்சி சிட்டியில் பார்த்தேன் என்று சாட்சி சொல்ல ஹேக் பாஸ்டன் போனார். உள்ளூர் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டிய நேரத்தில் ஊரில் இல்லை. 100 டாலர் அபராதம், டெபுடி ஷெரிஃப் வேலையும் போயிற்று. நீதிமன்றத்தின் கண்ணில் அவமானம். ஹார்ஸ்ஷூவின் கண்ணில்? நம்ம பையனுக்காக வேலையையே விட்டவன். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் ஹேக்கைத் தோற்கடிக்க யாராலும் முடியவில்லை.

இதிலிருந்து மேலே போனதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்டி ஹாலின் பராமரிப்பாளர், பிறகு தெரு, குடிநீர் கமிஷனர். 1913ல் ஜெர்சி சிட்டி ஒரு சீர்திருத்தத்தை ஏற்றது. வார்டு கவுன்சிலர்கள் ஊழல் செய்கிறார்கள், ஆகவே ஐந்து கமிஷனர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும், அவர்களில் ஒருவர் மேயராகட்டும் என்ற ஏற்பாடு. கட்சித் தலைகளை ஒழிக்க வந்த ஏற்பாடு இது. ஐந்து பேரையும் கையில் வைத்துக்கொண்டால் ஊரே கையில் என்பதை ஹேக் உடனே புரிந்துகொண்டார். முதலில் போலீஸ், தீயணைப்பு இரண்டையும் வாங்கிக்கொண்டார். பணிநேரத்தில் குடித்தவர்களை வெளியே அனுப்பினார். கூடவே போலீஸுக்குள்ளேயே சாதாரண உடையில் உளவு பார்க்கும் ஒரு கூட்டத்தை வைத்தார். 1917 மே மாதம் மேயர். 1947 ஜூன் வரை அதே நாற்காலி.

அந்த முப்பது வருடத்தில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 8,500 டாலரைத் தாண்டியதில்லை. ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் சேர்த்திருந்தாலும் 2,55,000 டாலர். ஆனால் 1928, 29ல் சட்டமன்றக் குழு ஒன்று தோண்டியபோது, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டாலர் சொத்து வாங்கப்பட்டிருந்தது தெரிந்தது. பெரும்பாலும் ரொக்கம், பெரும்பாலும் வேறொருவர் பெயரில். டீல் கடற்கரையில் கோடை வீடு, ஃபுளோரிடாவில் குளிர்கால வீடு, நியூயார்க்கில் ஓட்டல் அறைகள். பணம் எங்கிருந்து வந்தது என்று குழு கேட்டது. பதில் சொல்ல மறுத்தார். அவமதிப்புக்காகக் கைது செய்யச் சொன்னார்கள். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஒருவரைக் குற்றவாளியா என்று விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை, சட்டமன்றத்தின் வேலை இல்லை என்று தீர்ப்பு.

பணம் எங்கிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். நகராட்சி, கவுன்டி ஊழியர்கள் எல்லோரும் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், எழுத்தர், யாருக்கும் விலக்கில்லை. அந்த வசூல் நாளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ரைஸ் புட்டிங் தினம்'. அரிசிப் பாயசம் என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளம் உயர்ந்தால் உயர்வில் பெரும்பகுதியைக் கேட்டதும் உண்டு. இதுபோக ஒப்பந்தங்கள், குதிரைப் பந்தய சூதாட்டக்காரர்களின் மாமூல். மேயர் அறையில் இருந்த மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பக்கமாகத் திறக்கும் ஒரு இழுப்பறை உண்டு என்றும், வந்தவர் கவரை அதில் வைத்தால் ஹேக் தன் பக்கம் இழுத்துக்கொள்வார் என்றும் ஜெர்சி சிட்டியில் இன்றும் சொல்வார்கள்.

சென்னைக்காரர்களுக்கு மஸ்டர் ரோல் ஊழல் நினைவிருக்கும். இல்லாத கூலியாட்களின் பெயரை எழுதிக் கூலி எடுத்த விவகாரம். அதைத் தொடர்ந்து 1973 டிசம்பரில் மாநகராட்சி மன்றமே கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996ல்தான். இருபத்துமூன்று வருடம் சென்னைக்கு மேயர் கிடையாது. திருடனைப் பிடிக்க வீட்டையே பூட்டியதுபோல என்று நான் நினைப்பதுண்டு. இல்லாத ஆளின் கூலியை எடுப்பது நகராட்சியிடம் திருடுவது. ஹேக் செய்தது வேறு. இருக்கிற ஆளின் உண்மையான கூலியிலிருந்து எடுத்தார். கொடுத்தவருக்குத் தன்னிடமிருந்து எடுக்கப்படுகிறது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடுத்த தேர்தலில் அவருக்காக வீடுவீடாக ஓட்டுக் கேட்டார்.

ஏன்? பயம் ஒரு காரணம். எதிர்த்துப் பேசிய கடைக்காரரின் சொத்து மதிப்பீடு அடுத்த வருடமே ஏறும். ஆனால் பயத்தை மட்டும் வைத்து முப்பது வருடம் ஓட்ட முடியாது.

ஹேக்கின் வார்டுத் தலைவர்களை நம்மூர் வட்டச் செயலாளர்களோடு ஒப்பிடலாம். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் வேலையில்லை, யாருக்கு நிலக்கரி வாங்கப் பணமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அரசாங்க உதவி என்ற சொல்லே இல்லாத காலம். வரலாற்றாசிரியர் தாமஸ் ஃபிளெமிங்கின் தந்தை இப்படி ஒரு வார்டுத் தலைவர். மகன் பின்னாளில் அந்த உலகத்தைப் பற்றி விரிவாக எழுதினார். கசப்பும் பாசமும் கலந்த எழுத்து. மேலே இருந்து பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு எந்திரமாகத் தெரிந்தது, உள்ளே இருந்து பார்த்தவருக்கு அப்பாவாகத் தெரிகிறது.

பிறகு அந்த மருத்துவமனை. ஜெர்சி சிட்டி மெடிக்கல் சென்டர். குன்றின்மேல் ஆர்ட் டெக்கோ பாணியில் எழுந்த கோபுரங்கள். உலகின் மூன்றாவது பெரிய மருத்துவமனை என்று அப்போது சொல்லிக்கொண்டார்கள். 1931ல் திறந்த பிரசவ மருத்துவமனைக்குத் தன் தாயின் பெயரை வைத்தார் ஹேக்: மார்கரெட் ஹேக். அடுத்த சில ஆண்டுகளில் வருடத்துக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். ஏழைகளுக்குப் பணம் கேட்கமாட்டார்கள். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், வீட்டுப் பின்கட்டில் குழந்தை பெற்றுச் செத்துப்போன பெண்களின் மகள்கள் வெள்ளைத் துணி விரித்த படுக்கையில் குழந்தை பெற்றார்கள். மேயரே ராத்திரியில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்றும் கதைகள் உண்டு.

இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: "அடிச்சாலும் செஞ்சான்யா." நான் சிறுவயதிலிருந்து கேட்டுவரும் வாக்கியம் இது. இதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த மருத்துவமனையில் உயிர் பிழைத்த ஒரு தாயிடம் போய் உங்கள் மேயர் ஊழல்வாதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் செலவு யாருடையது என்று பார்க்கவேண்டும். கட்டடத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் பணம். 1932 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஹேக் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர். தோற்றதும் ஒரே மாதத்தில் பக்கம் மாறி, ஆகஸ்ட் 27 அன்று ஸீ கர்ட்டில் லட்சம் பேரைத் திரட்டி ரூஸ்வெல்ட்டின் முன்னால் நிறுத்தினார். அதன்பின் நியூ ஜெர்சிக்கு வரும் நிவாரண வேலைகள் ஹேக்கின் கை வழியாகத்தான் போயின. 1936 அக்டோபரில் ரூஸ்வெல்ட்டே வந்து மெடிக்கல் சென்டரைத் திறந்துவைத்தார். மிச்சம் நகரத்தின் சொத்துவரி. நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. ஆக அந்தப் படுக்கைக்கு அந்தப் பெண்ணின் குடும்பம் வாடகையிலும் வரியிலும் ஏற்கனவே பணம் கொடுத்திருந்தது. கொடுத்த பின்னும் அது மேயரின் தயவாக அவளிடம் வந்தது. தாயின் பெயர் வாசலில் இருந்தது. நன்றியாக ஓட்டு போனது. 3 சதவீதத்தைவிட இதுதான் பெரிய வசூல் என்பது என் எண்ணம்.

ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தையும் சொல்லவேண்டும். 1937ல் மத்திய அரசின் பணத்தில் எழுந்தது. ஜெர்சி ஜயன்ட்ஸ் அணியின் ஒவ்வொரு வருடத் தொடக்க ஆட்டத்துக்கும் ஊழியர்கள் தலையில் டிக்கெட்டைக் கட்டுவார்கள், இருக்கைகளைவிட அதிகமான டிக்கெட் விற்கும். 1946 ஏப்ரல் 18 அன்று அந்த மைதானத்தில்தான், மான்ட்ரியல் அணிக்காக ஜாக்கி ராபின்சன் முதல்முறையாக இறங்கினார். பேஸ்பாலின் நிறவேலி உடைந்தது ஹேக் கட்டாயப்படுத்தி விற்ற டிக்கெட்டோடு வந்தவர்களின் கண்முன்னால்.

ஹட்சன் கவுன்டியின் தேர்தல் முடிவுகள் எப்போதும் கடைசியாக வரும். மற்ற கவுன்டிகளில் எத்தனை குறைகிறது என்று தெரிந்தபிறகுதான் இங்கே எண்ணுகிறார்கள் என்று எதிர்க்கட்சி கேலி செய்யும். ஹேக்கின் ஆள் ஹாரி மூர் மூன்று முறை கவர்னரானார். 1937ல் மாநிலத்தின் மற்ற பகுதிகளில் பின்தங்கியவர் ஹட்சன் வாக்குகளால் கரையேறினார். 1939ல் மூர் செய்த நியமனம்தான் உச்சம். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இடத்துக்கு ஹேக்கின் மகனை நியமித்தார். சட்டப் படிப்பில் பட்டம் பெறாதவர் அந்த மகன்.

தொழிற்சங்கக் கதைக்கு வருகிறேன். ஹேக் முதலில் தொழிலாளர்களின் தோழர். வருமானவரிச் சிக்கலில் மாட்டியபோது அவருக்காக 60,000 டாலர் கொடுத்தவர் இரும்புவேலைச் சங்கத் தலைவர் டெடி பிராண்டில். புலாஸ்கி ஸ்கைவேயைக் கட்டிய கம்பெனிகள் சங்கத்தில் இல்லாத ஆட்களை வேலைக்கு எடுத்தன. பிராண்டில் போராடினார். ஹேக் கம்பெனிகளின் பக்கம் நின்று பழைய தோழரை நசுக்கினார். 1932ல் பாலம் திறந்தபோது சங்கம் உடைந்து கிடந்தது. தொழிலுக்கு எல்லாம் இங்கே உண்டு என்பது ஜெர்சி சிட்டியின் விளம்பர வாசகமாக இருந்தது. வேலைநிறுத்தம் இருக்காது என்று அதற்கு அர்த்தம்.

1937 இறுதியில் சிஐஓ என்ற புதிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் ஆட்கள் துண்டறிக்கையோடு ஊருக்குள் வந்தார்கள். போலீஸ் அவர்களைப் பிடித்து, படகிலும் ரயிலிலும் ஏற்றி நியூயார்க்குக்கு அனுப்பியது. கூட்டம் போட அனுமதி கேட்டால் கலவரம் வரும் என்று மறுப்பு. மண்டபம் வாடகைக்குக் கேட்டால் உரிமையாளருக்கு மிரட்டல். 1938 ஏப்ரல் 30 அன்று, அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்களில் வேட்பாளராக நின்ற சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸ் ஜர்னல் ஸ்கொயரில் பேச வந்தார். காரைவிட்டு இறங்கியதும் போலீஸ் அவரைத் தள்ளிக்கொண்டுபோய்ப் படகில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரை அனுப்பிவிட்டது. ரூஸ்வெல்ட் வாய் திறக்கவில்லை. ஹட்சனின் ஓட்டு அவருக்கும் தேவைப்பட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1939 ஜூன் 5 அன்று ஹேக் எதிர் சிஐஓ வழக்கில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஹேக் தோற்றார். நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் எழுதிய பகுதியைத்தான் இன்றுவரை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். தெருக்களும் பூங்காக்களும் யார் பெயரில் பட்டா இருந்தாலும், நினைவுக்கெட்டாத காலத்திலிருந்து மக்கள் கூடுவதற்கும் பேசிக்கொள்வதற்கும் பொறுப்பில் வைக்கப்பட்டவை என்பது அதன் சாரம். ஊர்வலங்களுக்கு நகராட்சி ஒழுங்கு விதிக்கலாம், ஆனால் பிடிக்காதவனுக்குத் தெருவை மூட முடியாது.

சட்டப் புத்தகங்களில் ஹேக்கின் பெயர் நிரந்தரமாக இருப்பது இந்தத் தீர்ப்பின் தலைப்பில்தான். 1987ல் இதே ஜெர்சி சிட்டியில் 'டாட்பஸ்டர்ஸ்' என்ற கும்பல், பொட்டு வைத்த பெண்களையும் இந்தியர் என்று தெரிந்த யாரையும் தாக்கி, ஊரைவிட்டுத் துரத்துவோம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. பயந்து வீட்டுக்குள் இருந்த குடும்பங்கள் உண்டு. இன்று ஜர்னல் ஸ்கொயரை ஒட்டிய நியூவர்க் அவென்யூவைப் போக்குவரத்துக்கு மூடி நவராத்திரிக்கு நம்மவர்கள் ஆடுகிறார்கள். நார்மன் தாமஸை இழுத்துச் சென்ற இடத்திலிருந்து நடந்துபோகும் தூரம்.

தீர்ப்பு வந்ததும் ஹேக் விழுந்துவிடவில்லை. இன்னும் பத்து வருடம் ஆயிற்று. 1940ல் அவர் ஆதரவோடு கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சார்ல்ஸ் எடிசன், விஞ்ஞானி தாமஸ் எடிசனின் மகன், பதவி ஏற்றதும் அவர் பேச்சைக் கேட்க மறுத்தார். மாநிலத்தின் 1844ஆம் வருட அரசியல் சாசனத்தை மாற்றவேண்டும் என்று எடிசன் எழுப்பிய கோரிக்கையை 1944 வாக்கெடுப்பில் ஹேக் தோற்கடித்தார். அடுத்த கவர்னர்களில் டிரிஸ்கால் கெட்டிக்காரர். ரயில்வே நிலங்களின் வரி விஷயத்தில் விட்டுக்கொடுத்து, 1947ல் புதிய சாசனத்துக்கு ஹேக்கின் ஆதரவையே வாங்கினார். நீதிமன்றங்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது தலைமை நீதிபதியாக வந்தவர் ஆர்தர் வாண்டர்பில்ட், ஹேக்கின் வாழ்நாள் எதிரி. இந்த மனிதர் ஏமாந்த அபூர்வமான தருணம் அது.

1947 ஜூனில் ராஜினாமா செய்து, தங்கை மகனா அண்ணன் மகனா என்று யாரும் கவலைப்படாத ஒரு உறவுக்காரரிடம், ஃபிராங்க் ஹேக் எகர்ஸிடம், நாற்காலியைக் கொடுத்தார். இளவரசுப் பட்டம் மாதிரி. போருக்குப் போய்த் திரும்பிய இளைஞர்கள் இதை ரசிக்கவில்லை. ஊரில் இப்போது போலிஷ், இத்தாலியக் குடும்பங்கள் நிறைந்திருந்தன. பதவிகள் மட்டும் ஐரிஷ்காரர்களிடம். ஹேக்கோ வருடத்தில் பாதி நாள் ஃபுளோரிடாவில். மதுக்கடைக்காரர் கென்னி நினைவிருக்கிறதா? அவருடைய மகன் ஜான் கென்னி இரண்டாவது வார்டின் தலைவராக இருந்தார், அதாவது பழைய ஹார்ஸ்ஷூவின் தலைவர். விசுவாசம் சந்தேகம் என்று 1948ல் ஹேக் அவரை நீக்கினார். அடுத்த மே மாதத் தேர்தலில் போலிஷ், இத்தாலியப் பெயர்களையும் சேர்த்துக்கொண்டு கென்னி ஐந்து இடங்களையும் பிடித்தார். ஹேக்குக்குச் சவப்பெட்டி செய்து தெருவில் ஊர்வலம் விட்டார்கள். அவர் முப்பது வருடம் மூடிவைத்திருந்த அதே தெரு.

கென்னி உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த இருபது வருடம் அவர் ஆட்சி. 1971ல் அவர் உருவாக்கிய மேயர் தாமஸ் வீலன் உள்ளிட்ட 'ஹட்சன் எட்டுப் பேர்' மத்திய அரசு வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். நோயினால் தனியாக விசாரிக்கப்பட்ட கென்னி 1972ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஹேக் மீது எந்தக் குற்றமும் கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஊழியர்களிடம் பறித்த 3 சதவீதத்தைத் திரும்பக் கேட்டு ஜெர்சி சிட்டியே அவர்மேல் சிவில் வழக்குப் போட்டது. வழக்கு நடத்தலாம் என்று 1955ல் மாநில உச்ச நீதிமன்றம், வாண்டர்பில்ட் தலைமை நீதிபதியாக இருந்த நீதிமன்றம், அனுமதித்தது. 1956 ஜனவரி 1 அன்று ஆற்றுக்கு அக்கரையில், நார்மன் தாமஸை அவர் அனுப்பிவைத்த நியூயார்க்கில், பார்க் அவென்யூ வீட்டில் ஹேக் இறந்தார். சொத்து ஒரு கோடி டாலருக்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள். உடல் ஜெர்சி சிட்டிக்கு வந்தது. எதிர்பார்த்த கூட்டம் இல்லை. தெருவோரத்தில் ஒரு வயதான பெண் அமெரிக்கக் கொடியோடு ஒரு அட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய பாவப்பட்ட ஆத்மாவுக்குக் கடவுள் இரங்கட்டும் என்று அதில் எழுதியிருந்தது. போலீஸ் யாரும் அவரைப் படகில் ஏற்றவில்லை.